தாமதமாக வந்த நீலம்

உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் பிராக்டிகல் வகுப்பில் என்றைக்காவது ஒருநாள் இந்தத் தலைப்பை எழுதியிருப்பார்கள்: பாஸ்பரஸ் அளவிடல், ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை. ரெக்கார்டு நோட்டில் தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பிளாங்க், ஸ்டாண்டர்டு, டெஸ்ட் என்று சோதனைக் குழாய்களுக்குப் பெயரெழுதி, மாலிப்டேட் கரைசலை விட்டு, அதன்மேல் 'அன்சா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வினைபொருளையும் விட்டுக் குலுக்கி வைத்தால், சில நிமிடங்களில் நீலம் ஏறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். மாணவர் ரீடிங் எடுத்து, கணக்குப் போட்டு, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த இரட்டைப் பெயரில் பின்னால் நிற்பவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறியவர், மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர் என்பதை எழுத ரெக்கார்டு நோட்டில் இடமில்லை. எல்லாப்பிரகட சுப்பாராவைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் அவர் பிற்காலத்தில் ஓர் அமெரிக்க மருந்து நிறுவனத்தில் செய்தவைதான். அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஓர் உயிர்வேதியியலாளர் எங்கே, எதைக் கொண்டு உருவாகிறார் என்ற கேள்விக்கு அந்த ஆண்டுகளில் பதில் இருக்கிறது.

அவர் கதையைச் சொல்ல இரண்டு தடங்கள் தேய்ந்து பழகிப்போயிருக்கின்றன. ஒன்று, ஏழ்மையில் பிறந்த மேதையின் கதை. 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்த சிறுவன் பதின்மூன்று வயதில், காசியில் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். அம்மா வெங்கம்மா பிடித்து இழுத்துவந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் விடுகிறார், நகையை விற்றுப் படிக்க வைக்கிறார். மெட்ரிகுலேஷனில் இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம் தேறுகிறவன் பிற்பாடு உலகம் வியக்கும் விஞ்ஞானி ஆகிறான். மற்றொன்று, அநீதியின் கதை. கதர் அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியர் பட்டத்தைக் குறைத்தார், ஹார்வர்டில் உடன் வேலை செய்தவர் புகழைத் தடுத்தார், நோபல் பரிசு கிடைக்காமல் போயிற்று. இரண்டு கதைகளிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டிலும் நடுப்பக்கம் கிழிந்திருக்கிறது. முதல் கதையில் மேதைமை பிறவியிலேயே வந்துவிடுகிறது. இரண்டாவதில் மற்றவர்கள் அவருக்குச் செய்ததுதான் வரலாறு. அவர் கையால் என்ன செய்தார் என்பது இரண்டிலும் கிடையாது. கையால் என்று சொல்வதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுப்பாராவ் விஞ்ஞானியானது பட்டங்களால் அல்ல, 1920களில் பாஸ்டனில் செழித்திருந்த ஒரு கைத்தொழிலைக் கற்றதால் என்பது என் வாதம். நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு உடம்பின் ரசாயனத்தை அளக்கும் தொழில் அது. அவரைப் பல ஆண்டுகள் முன்னறையிலேயே நிறுத்திவைத்ததிலும் அந்தத் தொழிலுக்குப் பங்குண்டு.

முதலில் சென்னை அவருக்கு என்ன கொடுத்தது என்று பார்த்துவிடலாம். இந்து உயர்நிலைப் பள்ளி அன்றைக்கும் பேர்பெற்ற பள்ளிதான். சுப்பாராவுக்குச் சில ஆண்டுகள் பின்னால், வானியற்பியல் ஆய்வுக்காக நோபல் வாங்கிய சந்திரசேகரும் அங்கேதான் படித்தார். மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்த நாட்களில் சுப்பாராவுக்குக் கணிதத்தில் நாட்டம் இருந்தது, ராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவியாகிவிடும் எண்ணமும் இருந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்; செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள், பிற்பாடு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி உதவினார். 1910களின் சென்னையில் உயிர்வேதியியலாளர் ஆக வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டிருந்தால் எங்கே போயிருப்பார்? அந்தப் பெயரிலேயே படிப்பு கிடையாது. இந்தியாவில் முன்னோடியான பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலேயே உயிர்வேதியியல் துறை 1921இல்தான் வந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவர்களைத் தயாரித்தது. அரசாங்க மருத்துவப் பணிக்கு ஆள் அனுப்பியது. உடம்புக்குள் நடக்கும் ரசாயனத்தை ஆராயும் ஆளைத் தயாரிப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. ஆகவே சென்னை அவரை உருவாக்கியது என்று நாம் பெருமைப்படுவதும், சென்னை அவரைக் கெடுத்தது என்று வருத்தப்படுவதும் கொஞ்சம் மிகைதான்.

கதர் விஷயத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கே கதர் அங்கியில் போனார் சுப்பாராவ். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்தும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அவருடைய வாழ்க்கை வரலாறுகள் எல்லாவற்றிலும் வரும் செய்தி இது. இதன் விளைவு சின்னதல்ல. சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றார், நடக்கவில்லை. ஆனால் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். ஏதோ ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியில் உதவி சர்ஜனாக ஆரம்பித்து, இடமாற்றம் இடமாற்றமாக மாகாணத்தைச் சுற்றி, பென்ஷனோடு ஓய்வு பெற்றிருப்பார். கெட்டதும் நல்லதுக்கே என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அநியாயத்துக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும். நான் சொல்வது வேறு. எம்.பி.பி.எஸ். பட்டம் இருந்திருந்தாலும் அது அவரை ஆராய்ச்சிக்குக் கொண்டுபோய் விட்டிருக்காது. அந்தப் பாதையே அன்றைக்கு இங்கே வெட்டப்படவில்லை.

அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது நோய்தான். வெப்பநாடுகளில் வரும் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் உணவின் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் ஆளை உருக்கிவிடும். அதில் அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் இறந்தார்கள். எல்.எம்.எஸ். முடித்தபின் சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். ஆயுர்வேத மருந்துகள் வேலை செய்வதைக் கண்டவருக்கு, அவற்றில் வேலை செய்வது எந்தப் பொருள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைப் பிரித்தெடுத்துப் பெயர் சொல்லும் கருவிகளும் முறைகளும் அங்கே இல்லை. காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை தருவதாகச் சொன்ன உதவியையும் மாமனாரின் பணத்தையும் நம்பி, கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் டிப்ளமோ படிப்பு. சோற்றுக்குப் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாள் வேலை. நோயாளிகளின் மலசலப் பாத்திரம் கழுவுவதும் அதில் சேர்த்தி. டிப்ளமோ முடிந்ததும், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் ஒதுங்க ஓர் இடம் கிடைத்தது. அவருடைய உண்மையான படிப்பு தொடங்கியது அங்கேதான்.

அந்தத் துறையின் தலைவர் ஓட்டோ ஃபோலின். ஸ்வீடனில் பிறந்து பதினைந்து வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். ரத்தத்திலும் சிறுநீரிலும் இருக்கும் பொருட்களை எடைபோட்டும் எரித்தும் அளந்துகொண்டிருந்த காலத்தில், நிறத்தைக் கொண்டு அளக்கலாம் என்பதை 1904இல் கிரியேட்டினினை வைத்துக் காட்டியவர். அவர் பயன்படுத்திய கருவி துபாஸ்க் கலரிமீட்டர். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றில் அளவு தெரிந்த கரைசல், மற்றொன்றில் அளவு தெரியாதது. ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஒரு கண்ணாடித் தண்டு இறங்கும். மேலே கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு வட்டம், நடுவில் கோடு கிழித்து இரண்டு பாதியாகத் தெரியும். திருகைத் திருப்பித் தண்டை ஏற்றி இறக்கி இரண்டு பாதியும் ஒரே நிறமாகி நடுக்கோடு மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். தண்டு நின்ற ஆழத்திலிருந்து அளவைக் கணக்கிடலாம். கேட்க எளிது, செய்கிறவனுக்குத்தான் தெரியும் கண் எவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லும் என்று. 1919இல் ஃபோலினும் அவருடைய சீன மாணவர் வூ ஸியென்னும் சேர்ந்து, சில மில்லிலிட்டர் ரத்தத்தில் புரதத்தை நீக்கி, மிஞ்சிய தெளிநீர் ஒன்றிலேயே சர்க்கரை, யூரியா, யூரிக் அமிலம் எல்லாவற்றையும் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1922இல் இன்சுலின் வந்ததும் ரத்தச் சர்க்கரையை அளப்பது அன்றாடத் தேவையாயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஒரு லேப் வேண்டும் என்ற எண்ணமே இந்த ஆண்டுகளில்தான் ஊன்றியது.

ஃபோலினுக்கு உயிர்வேதியியல் என்பது கைவேலை. அதற்குச் சான்றாக ஒரு சம்பவத்தை அடிக்கடி சொல்வார்கள். சிறுவயதில் வேட்டை விபத்தில் இடதுகையை இழந்த ஜேம்ஸ் சம்னர் அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர வந்தபோது, ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு வேதியியலில் தேற முடியாது, சட்டம் படி என்று புத்தி சொன்னாராம் ஃபோலின். சம்னர் கேட்கவில்லை, அங்கேயே முனைவர் பட்டம் வாங்கி, 1926இல் யூரியேஸ் என்சைமைப் படிகமாக்கி, 1946இல் நோபல் வாங்கினார். ஃபோலின் சொன்ன புத்தி தவறு. ஆனால் அந்தத் தவறிலிருந்து அவருடைய பட்டறையின் நியதி என்ன என்று புரிகிறது. அந்தப் பட்டறையிலிருந்து வெளிவந்தவர்களின் பட்டியலைப் பார்த்தாலும் புரியும். பின்னாளில் வைட்டமின் கே-க்காக நோபல் வாங்கிய எட்வர்ட் டாய்ஸி இங்கே படித்தவர். 1920இல் பெல் என்பவரோடு சேர்ந்து பாஸ்பரஸை நிறத்தால் அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டவரும் அவர்தான். அதாவது சுப்பாராவ் உள்ளே வருவதற்கு முன்பே பாஸ்பரஸ் அந்த வீட்டின் பிரச்சினை. எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் குழந்தைகளின் ரத்தத்தில் பாஸ்பேட் குறைகிறது என்று தெரிந்துவிட்ட காலம். மருத்துவர்களுக்கு அந்த எண் வேண்டியிருந்தது. டாய்ஸியின் முறையில் நிறம் நிலைக்காமல் மங்கியது. அதைத் திருத்திய பிரிக்ஸ் முறையில் நிறம் வர நேரம் பிடித்தது. துறையின் ஆசிரியர்களில் ஒருவரான சைரஸ் ஃபிஸ்கே பாஸ்பேட் வெளியேற்றத்தை ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தவர். புதிதாக வந்த சுப்பாராவிடம் அந்த வேலை வந்து சேர்ந்தது.

1925இல் உயிர்வேதியியல் ஆய்விதழில் அவர்கள் இருவர் பெயரிலும் வந்த கட்டுரை சுமார் இருபத்தைந்து பக்கம். மாற்றம் என்று பார்த்தால் மிகச் சின்னது. பாஸ்பேட்டும் மாலிப்டேட்டும் அமிலத்தில் சேர்ந்து உண்டாகும் பொருளை நீலமாக்குவதற்கு முன்பு பயன்பட்ட ஹைட்ரோகுயினோனுக்குப் பதிலாக அமினோநாப்தால் சல்போனிக் அமிலத்தைப் போட்டார்கள். நம் மாணவர்கள் 'அன்சா' என்று சொல்வது இதைத்தான். ஐந்து நிமிடத்தில் நீலம் ஏறியது, நிலைத்தது, மற்றப் பொருட்கள் அதிகம் குறுக்கிடவில்லை. இந்த ஒரு மாற்றத்துக்குப் பின்னால் எத்தனை வினைபொருட்களைப் போட்டுப் பார்த்துக் கழித்திருப்பார்கள், அமிலத்தின் அடர்த்தியை எத்தனை தரம் கூட்டிக் குறைத்திருப்பார்கள் என்பதைக் கட்டுரையின் நீளத்திலிருந்து ஊகிக்கலாம். இது ஒரு கண்டுபிடிப்பா, சமையல் குறிப்பைத் திருத்துவதுபோன்ற வேலைதானே என்று கேட்கலாம். சமையல் குறிப்பைத் திருத்துவதுதான், சந்தேகமில்லை. ஆனால் உலகெங்கும் எந்த லேபில் யார் சமைத்தாலும் ஒரே ருசி வரும்படி திருத்துவது எவ்வளவு அரிது என்று சமையல்காரர்களுக்குத் தெரியும்.

இந்தத் திருத்தத்தின் முழுப் பலன் இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தது. இதை நெருங்கிப் பார்ப்பது நல்லது. தசையை நசுக்கி, அமிலம் சேர்த்துப் புரதத்தை நீக்கி, தெளிநீரை எடுத்துப் புதிய முறையில் அளந்தார்கள். ஸ்டாண்டர்டு கரைசலில் நீலம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. தசையின் நீலமோ தயங்கியது. முதலில் குறைவாகத் தெரிந்து, நிற்காமல் ஏறிக்கொண்டே போயிற்று. அரை மணி நேரம் கழித்தும் கிண்ணத்துக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அவசரக்காரர் ரீடிங்கைத் தள்ளிவிட்டு, கரைசல் கெட்டுவிட்டது, புதிதாகத் தயாரி என்று சொல்லியிருப்பார். தங்கள் வினைபொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று அணு அணுவாக அறிந்திருந்த இந்த இருவருக்கும் மட்டும், தவறு கரைசலில் இல்லை, தசையில்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லும் தைரியம் இருந்தது. தசையில் பாஸ்பேட்டை இறுகப் பிடிக்காமல் சும்மா பற்றிக்கொண்டிருக்கும் ஒரு பொருள் உண்டு. அமில மாலிப்டேட் பட்டதும் அது மெதுவாகப் பிரிகிறது. பிரியப் பிரிய நீலம் ஏறுகிறது. பிரிந்த பாஸ்பேட்டுக்குச் சமமான அளவில் கிரியேட்டினும் வெளிவந்தது. அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். தசை வேலை செய்யும்போது குறைகிறது, ஓய்வில் மீண்டும் சேர்கிறது. 1927இல் 'சயன்ஸ்' இதழில் வந்த குறிப்பின் தலைப்பில் தசையின் 'கனிம பாஸ்பேட்' என்ற சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அதுவரை எல்லோரும் கனிம பாஸ்பேட் என்று அளந்துவந்ததில் பெரும்பகுதி கனிம பாஸ்பேட்டே அல்ல என்று சொல்ல அந்த மேற்கோள் குறி ஒன்றே போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அதே ஆண்டு லண்டனில் ஃபிலிப் எகிள்டன், கிரேஸ் எகிள்டன் தம்பதி தசையில் எளிதில் சிதையும் ஒரு பாஸ்பேட் பொருளைக் கண்டு 'பாஸ்பஜென்' என்று பெயரிட்டிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, இன்று ஏ.டி.பி. என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும் பொருளை ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையில் கண்டு வெளியிட்டபோது, ஜெர்மனியில் மேயர்ஹோஃப் ஆய்வகத்தின் கார்ல் லோமன் சில வாரங்கள் முந்திக்கொண்டிருந்தார். ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களில் கண்டுபிடிக்கப்படும் ஒன்று யார் கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். இதில் சுப்பாராவின் பயிற்சிக்கு என்ன தனிப்பெருமை? ஆட்சேபம் சரிதான், ஆனால் அது என் வாதத்தைத் தள்ளவில்லை, தாங்குகிறது. லண்டனிலும் கையாண்டது நிறமுறையைத்தான். காலம் கனிந்திருந்தது என்றால், கனியவைத்தது அளவிடும் தொழில் அடைந்த நுட்பம். வித்தியாசம் அடுத்த அடியில் இருக்கிறது: அந்தப் பொருளோடு ஒட்டியிருப்பது கிரியேட்டின் என்று அடையாளம் சொன்னது ஹார்வர்டு. கிரியேட்டின் வினைகளைப் பற்றிய அறிவு அங்கே அவ்வளவு கைவசம் இருந்ததால் அது முடிந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தசை சுருங்குவதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்ற கொள்கை அப்போது கோலோச்சியது. அந்த வழியில் செய்த ஆய்வுகளுக்கு மேயர்ஹோஃபும் ஹில்லும் 1922ஆம் ஆண்டின் நோபலையே பெற்றிருந்தார்கள். லாக்டிக் அமிலம் உண்டாகாமலேயே தசை சுருங்கும் என்று 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட் காட்டியபோது, அந்த இடத்தில் நிற்கத் தயாராக இருந்தது பாஸ்போகிரியேட்டின். பெரிய கொள்கை ஒன்று சாய்ந்ததற்குப் பின்னால், நீலம் ஏறத் தாமதமான அந்த அரை மணி நேரமும் இருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. சுப்பாராவ் ஃபிஸ்கேயின் கையாள்தானே? பிரச்சினை ஃபிஸ்கேயுடையது, துறை ஃபோலினுடையது. கைத்தொழில் என்று நீங்களே சொல்லிவிட்டால், கையை மட்டும் கொடுத்தவர் என்று ஆகிவிடாதா? அன்றைக்கும் சிலர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இதற்குப் பதில் சொல்ல நல்ல சாட்சி ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். அதே துறையில் ஃபிஸ்கேயிடம் ஆராய்ச்சி செய்து 1933இல் முனைவர் பட்டம் வாங்கியவர்; பியூரின்களை அளக்கும் முறைகள்தான் அவருடைய ஆய்வேடும். அங்கே பழகிய பியூரின்களையே வாழ்நாளெல்லாம் விடாமல் பிடித்துக்கொண்டு, கெர்ட்ரூட் எலியனோடு சேர்ந்து ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து வரை கொண்டுபோய், 1988இல் நோபல் பெற்றார். சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சிலவற்றை, ஃபிஸ்கே வெளிவர விடாததால், பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று சொன்னவர் அவர்தான். ஒருவருடைய நினைவுச் சாட்சியை முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிஸ்கே தன் தரப்பைச் சொல்லிக் கேட்டவர்கள் நாமில்லை. ஆனால் ஒன்று தெளிவு: பிரித்தெடுப்பதும் அடையாளம் காண்பதும் வெறும் கையின் வேலை என்று அந்த அறையில் நின்று வேலை செய்தவர் நினைக்கவில்லை. நிறம் தாமதிப்பதைக் கவனிக்கிற கண்ணுக்குப் பின்னால், அது ஏன் தாமதிக்கிறது என்று கேட்கிற மண்டை இல்லாமல் முடியாது.

காலவரிசையை மட்டும் பார்த்தாலே பட்டத்துக்கும் படிப்புக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்ந்தது என்று தெரியும். முறை 1925, பாஸ்போகிரியேட்டின் 1927, ஏ.டி.பி. 1929. ஹார்வர்டு அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது 1930இல். பாடப்புத்தகங்களில் ஏறிவிட்ட வேலைகளைச் செய்து முடித்தபின் மாணவர் என்ற நிலையிலிருந்து விடுதலை! அதற்குப் பின்னும் பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். நிரந்தரப் பதவி வரவில்லை. இதற்கு நிறமும் நாடும் காரணம் என்று சொல்பவர்களை நான் மறுக்கப் போவதில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான ஆசியர்கள் குடியேறுவதைத் தடுத்தது. படிக்க வந்தவர்களுக்கு விலக்கு இருந்தது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தக்க வெள்ளையர் அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்கள் குடியுரிமை கேட்க வழி பிறந்தது 1946இல்தான். இப்படிப்பட்ட நாட்டில் ஓர் இந்தியருக்கு நிரந்தர நாற்காலி கிடைப்பது எளிதில்லை என்பதற்குத் தனிச் சான்று வேண்டாம்.

ஆனாலும் இந்தக் காரணம் ஒன்றே போதாது என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் வூ ஸியென். அவரும் ஆசியர், அதே பட்டறை, அவர் பெயரும் ஆசிரியரின் பெயரோடு சேர்ந்தே புழங்குகிறது: ஃபோலின்–வூ முறை. முனைவர் பட்டம் பெற்ற கையோடு 1920இல் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரிக்குத் திரும்பினார். ராக்ஃபெல்லர் பணத்தில் எழுந்த அந்தக் கல்லூரியில் உயிர்வேதியியல் துறைக்கே தலைவரானார். புரதம் ஏன் உருக்குலைகிறது என்பதற்கு 1931இல் அவர் முன்வைத்த கொள்கை இன்றும் பேசப்படுகிறது. அவர் கற்ற தொழிலை எடுத்துக்கொண்டு போய் இறக்கிவைக்க ஊரில் ஒரு லேப் இருந்தது. சுப்பாராவுக்கு எது இருந்தது? எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்துக்கொண்டு சென்னை மருத்துவப் பணியில் சேர முடியாதவர் பாஸ்போகிரியேட்டினோடு திரும்பி வந்து எந்தக் கதவைத் தட்டியிருப்பார்? ஆயுர்வேதக் கல்லூரியில் துபாஸ்க் கலரிமீட்டர் கிடையாது. திரும்பவில்லை என்று அவர் மேல் குறைப்படுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் கற்றது, வினைபொருட்களும் கருவிகளும் சக தொழிலாளிகளும் சூழ்ந்திருந்தால் மட்டுமே உயிரோடிருக்கும் வித்தை. சங்கீதக்காரர் தம்பூராவைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறலாம். ஒரு துறையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. முறைக்குப் பெயர் கொடுத்துவிட்டு முறைக்குள்ளேயே காணாமல் போவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். போக்கிடமும் இல்லாதபோது அது கூடுதலாக வலிக்கும்.

பிற்பாடு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை, ஆகவே சுருக்கமாக. ஸ்ப்ரூவையும் ரத்தசோகையையும் மறக்காதவர், கல்லீரல் சாற்றில் ரத்தம் ஊறச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டே இருந்தார். 1940இல் ஹார்வர்டை விட்டு லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். 1945இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது மருந்தானது. அந்த மூலக்கூறைச் சற்றே மாற்றித் தயாரித்ததைக் கொண்டு சிட்னி ஃபார்பர் 1948இல் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நிவாரணம் காட்டினார். யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து நம் ஊரில் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அந்த ஆய்வகத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்கக் குடியுரிமை வாங்காமலே 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்று வயதில் இறந்தார். இந்த மருந்துகளெல்லாம் பெரிய குழுக்களின் வேலை, இயக்குநர் என்ற முறையில் அவர் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் கல்லீரல் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அளந்து, இன்னது என்று பெயர் சொல்லும் அந்த வழிமுறை புதிதல்ல. தசைச் சாற்றில் செய்ததையே அவர் மறுபடியும் செய்தார்.

அவர் பெயர் தாங்கிய முறையும் இப்போது ஆஸ்பத்திரிகளிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது. தானியங்கி அனலைசர்களில் பாஸ்பேட்டும் மாலிப்டேட்டும் சேர்கின்றன, ஆனால் அதை நீலமாக்கும் வேலையே இல்லை. நிறமற்ற அந்தச் சேர்மம் 340 நானோமீட்டரில் புறஊதா ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. ரிசல்ட் காகிதத்தில் அச்சாகி வந்துவிடும். நீலம் இன்னும் மிஞ்சியிருப்பது கல்லூரி பிராக்டிகல் மேஜைகளில்தான். அங்கே செய்முறைத் தாளில் ஒரு வரி இருக்கும்: வினைபொருளைச் சேர்த்தபின் பத்து நிமிடம் காத்திருந்து ரீடிங் எடுக்கவும். பத்து நிமிடம் முடியும்வரை யாரும் குழாயைத் திரும்பிப் பார்ப்பதில்லை.